வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. அடுக்குமாடி வளாகம் ஒன்றில் 4 ஆண்டுகள் வாடகைக்கு இருந்தீர்கள். அடுத்த மாதம் காலி செய்கிறீர்கள். வீடு முழுவதும் பெயின்ட் அடிக்க வேண்டும், சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிப் பலகை உப்பிவிட்டது, படுக்கையறை மூலையில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று சொல்லி, முன்பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளப் போவதாக நிர்வாக அலுவலகம் இப்போதே தெரிவித்துவிட்டது. குடிவந்த நாளில் நீங்கள் படம் எதுவும் எடுத்து வைக்கவில்லை. கடைசி மாத வாடகையைக் கொடுக்காமல் முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அதில்தான் அவசரம் இருக்கிறது. வாடகையை நிறுத்தாதீர்கள். வாடகை ஒரு கணக்கு, முன்பணம் வேறொரு கணக்கு. ஒன்றை மற்றொன்றில் கழிக்கக் கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் தனி வரியே இருக்கும். இன்றைய நிலையில் நீங்கள் பணம் வர வேண்டியவர். வாடகையை நிறுத்திய மறுநாளே பணம் தர வேண்டியவராகிவிடுவீர்கள். தாமதக் கட்டணம் சேரும், நோட்டீஸ் வரும். நாளை இந்த வழக்கு யார் முன்னால் போனாலும் அவர் கண்ணில் முதலில் படுவது அந்த ஒரு மாத பாக்கிதான். உரிமையாளரே எழுத்தில் ஒப்புக்கொண்டால் கழித்துக்கொள்ளலாம். வாய்வார்த்தையை நம்பிச் செய்யாதீர்கள்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய குடியிருப்பு வளாகத்தின் பராமரிப்புப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலி செய்பவரின் வீட்டுக்குப் படிவத்தோடு போய், சுவரைத் தட்டிப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, என்னென்ன பிடித்தம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதே ஆண்டுகளில் நானும் வாடகை வீட்டில்தான் குடியிருந்தேன், இன்றும் அப்படித்தான். என் முதல் வாடகை வீட்டில், நாங்கள் வருவதற்கு முன்பே விரிந்திருந்த சமையல் மேடைக் கல்லுக்காக முன்பணத்தில் பாதியை இழந்தேன். அந்த விரிசல் பழையது என்று எனக்கும் என் மனைவிக்கும் தெரியும். ஆனால் அதைக் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத அதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். முன்பணம் உங்கள் பணம். உரிமையாளரிடம் அது ஒரு காப்பாக மட்டும் இருக்கிறது. அதிலிருந்து எடுக்க விரும்புபவர்தான் ஏன், எவ்வளவு என்று காட்ட வேண்டும். பல நாடுகளின் சட்டங்கள் இந்த எண்ணத்தின் மேல்தான் எழுந்திருக்கின்றன. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், வழக்கமான வீட்டு வாடகைகளில் உரிமையாளர் முன்பணத்தை அங்கீகரிக்கப்பட்ட ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். சேர்க்கத் தவறினால் முன்பணத்தைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை வாடகைதாரருக்குத் தர நேரும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் முன்பணம் உரிமையாளர் கையில் தங்குவதே இல்லை. அரசு அமைப்பிடம் போய்விடுகிறது. ஜெர்மனியில் உரிமையாளர் அதைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம், வீடுகளுக்கு 2 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் மாநிலங்கள் ஏற்று நிறைவேற்றினால்தான் அது நடைமுறைக்கு வரும். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு மாலை நேரம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள். எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், பிடித்தத்துக்குப் பட்டியல் தர வேண்டுமா, சண்டை வந்தால் எங்கே போவது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் போதும்.

இனி பெயின்ட். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நாங்கள் படிவம் நிரப்பிய காலத்தில் 'முழு வீடு பெயின்ட்' என்ற வரி பெரும்பாலும் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே நிரப்பப்பட்டிருக்கும். அடுத்துக் குடிவருபவருக்குப் புதிதாக அடித்துக் கொடுக்கத்தான் வேண்டும், அந்தச் செலவை முந்தியவர் தலையில் வைப்போம் என்பதுதான் கணக்கு. அது தவறு என்று அன்றே எனக்குத் தோன்றியது. தோன்றியும் எழுதிக் கொடுத்தேன்.

தேய்மானம் வேறு, சேதம் வேறு. ஒரு மனிதன் ஒழுங்காகக் குடியிருந்தாலும் வீட்டுக்கு நேர்வது தேய்மானம். வெயில் பட்டுச் சுவர் நிறம் மங்குவது, நாற்காலி நகர்ந்த இடத்தில் தரையின் பளபளப்புக் குறைவது, கதவுக் கீல் தளர்வது, குளிர்பதனப் பெட்டியின் பின்னால் சுவரில் கரிய நிழல் படிவது எல்லாம் இந்த வகை. அதற்கான விலையைத்தான் மாதாமாதம் வாடகையாகக் கொடுத்திருக்கிறீர்கள். சூடான பாத்திரம் வைத்துக் கருகிய மேடை, உடைந்த தரை ஓடு, குழந்தை கிரயானால் கிறுக்கிய சுவர், அனுமதி இல்லாமல் துளையிட்டுப் பொருத்திய தட்டு ஆகியவை சேதம். அவற்றுக்கு நீங்கள் பொறுப்பு. ஆணி ஓட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாட்காட்டி மாட்டிய சிறு ஆணியைப் பெரும்பாலான இடங்களில் தேய்மானமாகவே எடுத்துக்கொள்வார்கள். தொலைக்காட்சி மாட்டுவதற்காகப் போட்ட நான்கு பெரிய துளைகளை அப்படிச் சொல்ல முடியாது.

சேதம் உங்களுடையதே என்றாலும் புதுப் பொருளின் முழு விலையைக் கேட்க முடியாது. பழையதை உடைத்தவர் பழையதன் மதிப்பைத்தான் ஈடுகட்ட வேண்டும். இதை மிகத் தெளிவாக எழுதி வைத்திருப்பது ஜப்பான் அரசு. வாடகை வீட்டை முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவருவது குறித்து 1998-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள், 2011-இல் திருத்தினார்கள். சுவர் ஒட்டுத்தாளின் மதிப்பு 6 ஆண்டுகளில் 1 யென்னாகக் குறைந்துவிடுகிறது என்று அதில் கணக்கிடுகிறார்கள். சேதம் ஒரு சுவரில் என்றால் பேச்சு அந்தச் சுவரோடு நிற்க வேண்டும். அறை முழுவதற்கும் வாடகைதாரர் பொறுப்பல்ல. வழக்கமான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்பது 2020 ஏப்ரல் முதல் அந்நாட்டின் குடிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தது: பூச்சு புதுப்பிக்காத வீட்டை, அதற்கு ஈடு எதுவும் கொடுக்காமல் ஒப்படைத்துவிட்டு, பூச்சு வேலை வாடகைதாரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அது செல்லாது என்றது.

உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஓர் அறையின் நான்கு சுவருக்கும் பெயின்ட் அடிக்க 100 பங்கு செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரில் மட்டும் உங்களால் வந்த கறை இருக்கிறது. அதன் செலவு 25. பூச்சின் ஆயுளை 6 ஆண்டுகள் என்று எடுத்தால், 4 ஆண்டுகள் கழிந்துவிட்டன. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. ஆக நீங்கள் தர வேண்டியது 8 பங்கு சொச்சம். அவர்கள் கேட்பது 100. உங்கள் இடத்துச் சட்டம் இதே விகிதத்தைச் சொல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தீர்கள், எந்தச் சுவரில் என்ன கறை, முழு வீட்டுக்கும் ஏன் என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். முதல் கேள்விக்கே பல அலுவலகங்களில் பதில் இருக்காது. நீங்கள் வருவதற்கு முன்பே அடித்து 3 ஆண்டுகள் ஆகியிருந்தால், இப்போது அந்தப் பூச்சுக்கு வயது 7.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிடித்தத்துக்குப் பயந்து நீங்களே கடையில் வெள்ளை பெயின்ட் வாங்கி ஆங்காங்கே தொட்டு வைக்காதீர்கள். மங்கிய சுவரில் புதுப் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரியும். முன்பு ஒரு புள்ளியாக இருந்தது ஒரு கையகலமாகிவிடும். நான் பார்த்த சேதங்களில் கணிசமானவை கடைசி வாரத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டவை. பெரிய துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்த பின் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். பெயின்ட் தொட வேண்டும் என்றால் நிறத்தின் பெயரையும் எண்ணையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி, மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுவதும் அடியுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பூஞ்சணம் கடினமான விஷயம். இதில் இரு தரப்பும் பொய் சொல்லாமலே முரண்பட முடியும். சுவருக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. வெளிச்சுவர் குளிர்ந்திருக்க, உள்ளே காற்றோட்டம் குறைவாக இருந்து, துணி உலர்த்துவது, சமைப்பது, குளிப்பது எல்லாம் சேர்ந்து காற்றில் ஈரம் ஏறினால் அது குளிர்ந்த சுவரில் படியும். அப்படி வரும் பூஞ்சணம் கறுப்புப் புள்ளிகளாக, மூலைகளிலும் ஜன்னல் ஓரத்திலும், சுவரோடு ஒட்டிப் போட்ட பீரோவின் பின்னாலும் தோன்றும். குழாய்க் கசிவோ மேல் தளத்துக் குளியலறைக் கசிவோ என்றால் பழுப்பு நிற வளையம் தெரியும். பூச்சு உப்பி உரியும். மழைக்குப் பின்னோ மேல் வீட்டார் குளித்த பின்னோ அதிகமாகும். தரையிலிருந்து ஏறும் ஈரம் கீழ்த்தளச் சுவர்களில், பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள், வெள்ளை உப்புப் பூத்த கோட்டோடு நிற்கும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஈரமான இடத்தை உலரத் துடைத்துவிட்டு, உள்ளங்கை அளவு அலுமினியத் தாளை வைத்து நான்கு ஓரங்களையும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. பிரித்துப் பார்க்கையில் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இது முடிவான சான்று ஆகாது. ஆனால் பேச்சை ஊகத்திலிருந்து பொருளுக்கு இழுத்துவிடும். தேதியோடு படம் எடுங்கள்.

அறைக் காற்றின் ஈரம் என்று தெரிந்தாலும் பழி முழுவதும் உங்கள் மேல் விழுந்துவிடாது. குளியலறையில் புகைபோக்கு விசிறி ஓடியதா? ஜன்னல் திறக்க முடிந்ததா, இல்லை கீல் துருப்பிடித்து மூடியே கிடந்ததா? அதைப் பற்றி எப்போதாவது புகார் கொடுத்தீர்களா? கட்டடத்தின் குறைக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல. ஆனால் ஈரம் தெரிந்தும் ஓராண்டு வாய் திறக்காமல் இருந்திருந்தால், அதனால் பெருகிய பங்குக்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை.

தொட்டிக்குக் கீழே உப்பிய பலகைக்கும் இதே நியாயம்தான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை நீர் குடித்தால் திரும்பச் சுருங்காது. சொட்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கழிவுக் குழாய் மூட்டின் ரப்பர் வளையம் பழசாகிக் கசிந்தால் அது பராமரிப்பு வேலை. நீங்கள் குழாயைக் கழற்றி மாட்டி மூட்டு சரியாகப் பொருந்தாமல் போயிருந்தால் அது உங்களுடையது. இரண்டிலும் அந்தப் பலகையின் வயதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தது, குடிவந்த நாளின் படம் இல்லை என்பது. உங்களை அதிகம் அச்சுறுத்துவது இதுதான் என்று புரிகிறது. இங்கே நாட்டுக்கு நாடு நியாயம் மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் முன்பணத் தகராறுகளில் நிரூபிக்கும் சுமை உரிமையாளருடையது. வீட்டை ஒப்படைத்த நாளின் நிலைப் பட்டியல் அவரிடம் இல்லையென்றால் அவர் கோரிக்கை நிற்பது கடினம். பிரான்சில் அப்படிப் பட்டியல் இல்லாவிட்டால், வாடகைதாரர் வீட்டை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகவே பொதுவாகக் கருதுவார்கள். ஆகவே படம் இல்லாததால் எல்லாம் போயிற்று என்றும் இல்லை, பாதகமே இல்லை என்றும் இல்லை.

ஆனால் உங்களிடம் படம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. குடிபுகுந்த முதல் சில வாரங்களில் எடுத்த குடும்பப் படங்களைத் தேடுங்கள். குழந்தையின் பிறந்தநாள், வந்துபோன உறவினர், புதிதாக வாங்கிய சோபா. படத்தில் இருக்கும் மனிதர்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். எங்கள் வளாகத்தில் ஒரு குடும்பம் வீடு மாறியபோது, வரவேற்பறையின் தரை ஓட்டில் இருந்த விரிசலுக்குப் பிடித்தம் எழுதியிருந்தேன். அந்த வீட்டு அம்மா, தன் மகள் தவழத் தொடங்கிய நாளில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். குழந்தையின் கைக்குப் பக்கத்திலேயே அந்த விரிசல். குடிவந்து 9 நாள் ஆகியிருந்தது. அந்த வரியை நான் என் கையாலேயே அடித்தேன்.

வேறு இடங்களிலும் தேடலாம். வீட்டை வாடகைக்கு விடுவதாகப் போட்ட விளம்பரத்தின் படங்கள் உங்கள் பழைய மின்னஞ்சலில் இருக்கலாம். முதல் மாதத்தில் 'இந்தக் குழாய் ஒழுகுகிறது, அந்தக் கதவு மூடவில்லை' என்று நீங்கள் அனுப்பிய செய்திகள் ஒவ்வொன்றும் அன்றைய நிலைக்குச் சான்று. நிர்வாகத்தின் புகார்ப் பதிவேட்டில் உங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே உள்ள பதிவுகளின் நகலைக் கேளுங்கள். உங்களுக்கு முன்னால் குடியிருந்தவர் யார் என்று தெரிந்தால் அவரையும் கேட்டுப் பாருங்கள். அவரிடம் பிடித்தம் செய்த பட்டியலில் இதே பலகை இருந்தால், ஒரே பலகைக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்க முயல்கிறார்கள் என்று பொருள்.

காலி செய்யும் நாளிலாவது படத்தைச் சரியாக எடுங்கள். முதலில் அறை முழுவதும் தெரிய ஒன்று, பிறகு குறை இருக்கும் இடத்துக்கு அருகில் ஒன்று. அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். அலமாரிகளுக்குள், அடுப்புக்குள், தொட்டிகளுக்குக் கீழே, ஜன்னல் சட்டங்களில் எதையும் விட வேண்டாம். குழாய் ஓடுவதும் விளக்கு எரிவதும் தெரியும்படி, வாசலில் தொடங்கி வாசலில் முடியும் ஒரே காணொளியையும் எடுங்கள். இவற்றை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்து, எடுத்த நேரக் குறிப்பும் உதிர்ந்துவிடும். மூலக் கோப்புகளை மின்னஞ்சலில் நிர்வாகத்துக்கும் உங்களுக்கும் அன்றே அனுப்புங்கள்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் பெற்றபோது இருந்த அளவுக்குச் சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவே. நிர்வாகத்தின் ஆட்கள் பார்ப்பது எப்போதும் ஒரே இடங்களைத்தான்: அடுப்பின் அடி, புகைபோக்கியின் எண்ணெய் வலை, கழிவறை மேல்தொட்டியின் பின்புறம், குழாய்களில் படிந்த உப்பு. உப்புப் படிவு எலுமிச்சை அமிலத்திலோ வினிகரிலோ கரையும். ஆனால் பளிங்குக் கல்லில் அவற்றை ஊற்றாதீர்கள், கல் அரித்துத் தழும்பாகிவிடும். பூஞ்சணத்துக்குப் பிளீச்சிங் திரவம் போடுகிறவர்கள் அதை அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வளாகத்துக்குச் சொந்தமான குளிர்பதனப் பெட்டியை அணைத்துவிட்டுப் போகிறீர்கள் என்றால் கதவைத் திறந்தே வையுங்கள். மூடி வைத்தால் ஒரு வாரத்தில் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், அதற்கும் உங்களுக்குத்தான் சீட்டு வரும்.

வளாகத்தில் குடியிருப்பதற்கென்றே உள்ள சிக்கல் ஒன்றும் இருக்கிறது; தனி வீட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. உங்கள் எதிரில் இருப்பது ஒருவரா, மூவரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில வளாகங்களில் எல்லா வீடுகளும் ஒரே நிறுவனத்துடையவை. வேறு சிலவற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர். அவர்களுக்கு மேல் ஒரு சங்கம். சங்கம் அமர்த்திய நிர்வாக நிறுவனம் ஒன்று. உங்கள் ஒப்பந்தம் வீட்டு உரிமையாளரோடுதான். உரிமையாளர் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்பு பாக்கிக்காக, உங்கள் சாமான் வண்டியை வாயிலில் நிறுத்தி வைப்பது நடக்கிறது. அந்த பாக்கியை யார் கட்ட வேண்டும் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். உங்களுடையது இல்லை என்றால், இரண்டு வாரம் முன்பே உரிமையாளருக்கு எழுதி, சங்கத்திடமிருந்து வெளியேறும் அனுமதியை அவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள். அதேபோல், தாழ்வாரச் சுவரில் கீறல், லிஃப்டுக்குள் கீறல் என்று பொது இடத்துச் சேதத்தை உங்கள் முன்பணத்தில் எழுதினால், அது உங்கள் சாமான் ஏற்றியபோது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். சாமான் இறக்கத் தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் லிஃப்டின் உட்புறத்தைப் படம் எடுக்க ஒரு நிமிடம் ஆகும். சரக்கு லிஃப்டுக்கான நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மாதக் கடைசி என்றால் எல்லோரும் அன்றுதான் கிளம்புவார்கள்.

சாவி ஒப்படைக்கும் நாளில் மின்சார, தண்ணீர், எரிவாயு மீட்டர்களின் அளவைப் படம் எடுங்கள். கதவுச் சாவிகள், கடிதப் பெட்டிச் சாவி, நுழைவு அட்டை, வாகன நிறுத்த அட்டை என்று எத்தனை கொடுத்தீர்களோ, எண்ணிக்கையோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தவர்களிடம், 'நீங்கள் ஒரு வாரம் கழித்துத்தான் ஒப்படைத்தீர்கள்' என்று அந்த வாரத்துக்கும் வாடகை கேட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அன்று ஒரு படிவம் நீட்டுவார்கள். அதைக் கடைசி வரி வரை படியுங்கள். 'எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை', 'பிடித்தங்களை ஏற்கிறேன்' என்ற வரிகள் பெரும்பாலும் அடியில், சிறிய எழுத்தில் இருக்கும். சாமான் வண்டி காத்திருக்கிறது, குழந்தை அழுகிறது என்ற அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. ஏற்க முடியாத வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'பிடித்தங்களை ஏற்கவில்லை. சாவி ஒப்படைத்ததற்கு மட்டும் கையொப்பம்' என்று எழுதிப் போடுங்கள். நகலோ படமோ எடுத்துக்கொள்ளாமல் அந்தத் தாளைக் கையிலிருந்து விடாதீர்கள். முன்பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கையும் புதிய முகவரியையும் அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். 'முகவரி தெரியாததால் அனுப்ப முடியவில்லை' என்ற சாக்குக்கு இடம் வைக்க வேண்டாம்.

அதற்குப் பிறகும் பணம் வராவிட்டால், சட்டம் சொல்லும் கெடு முடியும் வரை பொறுத்திருந்து ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். கெடு இடத்துக்கு இடம் மாறும்: கலிஃபோர்னியாவில் 21 நாளுக்குள் பிடித்தப் பட்டியலோடு மிச்சத்தைத் தர வேண்டும், பிரான்சில் வீட்டின் நிலை மாறவில்லை என்றால் ஒரு மாதம், குறை இருந்தால் இரண்டு மாதம். கடிதத்தில் தொகை, ஒப்படைத்த தேதி, கெடு முடிந்த தேதி, இன்னும் எத்தனை நாள் அவகாசம், அதற்கு மேல் எங்கே முறையிடுவீர்கள் என்பவை மட்டும் இருக்கட்டும். கோபத்தை அதில் எழுதாதீர்கள். அந்தக் கடிதம் நாளை ஒரு நடுவரின் மேசையில் இருக்கும். அவருக்கு வேண்டியது தேதிகளும் தொகைகளும்தான். பிடித்தத்தில் ஒரு பகுதி நியாயமானது என்றால் அதை ஒப்புக்கொள்ளுங்கள். கிரயான் கறைக்கு உரிய பங்கைத் தருகிறேன், முழு வீட்டுப் பெயின்ட் செலவை ஏற்கவில்லை என்று எழுதுபவரின் பேச்சுக்கு எடை அதிகம்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது, காலி செய்வதற்கு முன்பே ஓர் ஆய்வைக் கேட்டு வாங்குவது. கலிஃபோர்னியாவில் கடைசி இரண்டு வாரத்துக்குள் இப்படி ஒரு முன் ஆய்வைக் கேட்பது வாடகைதாரரின் சட்ட உரிமை. உங்கள் ஊரில் உரிமையாக இல்லாவிட்டாலும் கேட்கத் தடை இல்லை. எங்கள் அலுவலகத்தில் அப்படிக் கேட்டவர்களின் பட்டியல் எப்போதும் சிறியதாகவே முடிந்தது, ஏனென்றால் அவர்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டார்கள். கடிதம் இந்த அளவில் போதும்:

'எங்கள் வீட்டை ஒப்பந்தப்படி அடுத்த மாதக் கடைசி நாளில் காலி செய்கிறோம். அதற்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக, எங்கள் முன்னிலையில் வீட்டைப் பார்வையிட்டு, சரிசெய்ய வேண்டியவை என்று நீங்கள் கருதுவதை அறைவாரியாக எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்களால் ஆனவற்றை நாங்களே சரிசெய்து ஒப்படைப்போம். வீட்டுக்குக் கடைசியாகப் பெயின்ட் அடித்த தேதி, சமையலறை அலமாரி பொருத்திய ஆண்டு, எங்கள் வீடு குறித்த புகார்ப் பதிவுகளின் நகல் ஆகியவற்றையும் தர வேண்டுகிறோம். படுக்கையறைச் சுவரின் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் பராமரிப்புப் பிரிவு அன்று சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். பிடித்தம் ஏதும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம், அளவு, ரசீது மூன்றையும் எதிர்பார்க்கிறோம்.'

மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதே நாள் ஒரு பிரதியை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அவர்கள் பதில் வந்ததும் அதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பட்டியலை ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.